பந்தயச் சாலையும் பாட்டியின் சாலையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

வீட்டிற்கு விருந்தினர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பதை நாம் யாவரும் அறிவோம். பரணில் கிடக்கும் நல்ல தட்டுகள் கீழே இறங்கும். நெடுநாள் எரியாத விளக்கு எரியும். ஆடும் நாற்காலிக்கு அப்பா ஆணி அடிப்பார். விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். ஆகவே விருந்தினருக்காக வீட்டைச் சீராக்குவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஆணி அடிக்காத நாற்காலியில் அதுவரை உட்கார்ந்து வந்தவர்கள் யார்? நாம்தாமே!

நம் சென்னை நகரமும் அப்படி ஒரு விருந்துக்கு ஆயத்தமானது. தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம் நடைபெறும் என்று 2023ஆம் ஆண்டு அறிவித்தார்கள். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாம் பேருந்தில் செல்லும் சாலைகளே பந்தயத் தடமாயின. நீளம் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர், வளைவுகள் 19. நம் நாட்டில் இரவு நேரத்தில் நகரச் சாலையில் நடக்கும் முதல் கார் பந்தயம் இதுதான் என்று எல்லோரும் பெருமையுடன் பேசினர்.

கார் பந்தயம் சென்னைக்குப் புதிதன்று. என் தாத்தா இளைஞராக இருந்தபோது நண்பர்களுடன் சோழவரம் சென்று பந்தயம் பார்த்த கதையை இன்றும் கூறுவார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் அந்தப் பந்தயங்கள் நடந்தன. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தொடங்கப்பட்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்தது. ஃபார்முலா 1 பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூரில் வளர்ந்தவர், ஆண்டு 2005. 2010இல் ஓட்டிய கருண் சந்தோக் நம் சென்னைக்காரர். இன்று இந்திய ரேசிங் லீகில் ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. இதைக் கேட்டு மகிழாத மாணவி நம் பள்ளியில் உண்டோ? எனவே பந்தயமே வேண்டாம் என்று கூற நான் வரவில்லை.

2023 டிசம்பர் 9, 10 ஆகிய நாள்களில் பந்தயம் நடக்க இருந்தது. அதற்கு முன்பே, டிசம்பர் 3, 4 தேதிகளில், மிக்ஜாம் புயல் வந்துவிட்டது. நகரமே வெள்ளத்தில் மிதந்தது. பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது. மருத்துவமனைகள் அருகில் இருக்கும் இடத்தில் இது தகுமா என்று வழக்கும் தொடரப்பட்டது. உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் நிபந்தனைகளுடன் அனுமதி அளித்தது. இறுதியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் பந்தயம் நடந்தேறியது.

என் மனத்தைத் தொட்டது பந்தயமன்று; அதற்கு முன் நடந்த ஆயத்தமே. பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பு தடத்தைப் பார்வையிட்டுச் சான்றிதழ் தந்தால்தான் பந்தயம் நடக்கும். சாலையில் மேடு பள்ளம் இருக்கலாகாது. ஓரத்துத் தடுப்புகள் உறுதியாக இருக்க வேண்டும். பாதாளச் சாக்கடை மூடிகள் அசையவே கூடாது. ஏன் தெரியுமா? வேகமாகச் செல்லும் பந்தயக் காரின் அடியில் காற்று விரைந்து பாய்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. தளர்ந்த மூடியை அது மேலே இழுத்துவிடும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இதுவே நடந்தது. பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய ஃபெராரி கார் ஒரு மூடியின் மீது மோதிச் சேதமடைந்தது. உடனே பயிற்சியை நிறுத்தி மூடிகளைச் சோதித்தார்கள். அடுத்த பயிற்சி தொடங்க அதிகாலை இரண்டரை மணி ஆயிற்று.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், காலைத் திருப்பலிக்குச் சென்ற பாட்டி, முழங்கால் அளவு நீர் நின்ற எங்கள் தெருவில் மூடியில்லாத ஒரு வடிகாலில் காலை வைத்துவிட்டார். நல்லவேளையாகப் பால்காரர் ஒருவர் ஓடிவந்து தூக்கினார். கணுக்கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டுடன் கிடந்தார். அன்று மாலை தெருக்காரர்கள் அந்தக் குழியில் ஒரு மரக்கிளையை நட்டு, அதில் சிவப்புத் துணியைக் கட்டினார்கள். எங்கள் தெருவுக்குக் கிடைத்த பாதுகாப்பு அவ்வளவே. இன்றும் மழை பெய்தால் பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நாள் செல்பவருக்கு ஒரு மூடி ஆடினாலும் ஆபத்து என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஆண்டு முழுவதும் நடப்பவருக்கும் அது ஆபத்தன்றோ?

"பந்தயத்துக்குச் செலவிட்ட பணத்தைத் தெருவுக்குச் செலவிட்டிருக்கலாம்" என்று சிலர் கூறுவர். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. பந்தயம் நடக்காத ஆண்டுகளிலும் அந்தக் குழி திறந்தேதான் கிடந்தது. நம்மிடம் குறைவாக இருப்பது பணம் மட்டுமன்று. சோதித்துப் பார்க்கும் கண்தான். அயல்நாட்டார் வந்து பார்க்கிறார் என்றவுடன் அந்தக் கண் நமக்குத் திறந்துகொள்கிறது. அவர் போனதும் மூடிக்கொள்கிறது.

விருந்து முடிந்தபின் என்ன ஆகும் என்பதற்கு வடநாட்டில் ஓர் உதாரணம் உண்டு. 2011 அக்டோபர் 30 அன்று, டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில், இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகமான புதிய தடம்! பயிற்சியின்போது ஒரு தெருநாய் தடத்தில் நுழைந்ததை உலகமே பார்த்துச் சிரித்தது. செபாஸ்டியன் வெட்டல் வென்றார். வரித் தகராறு முதலிய காரணங்களால் 2013க்குப் பின் அந்தப் பந்தயம் அங்கே நடக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் விருந்து முடிந்தது. வீட்டுக்காரருக்கு என்ன மிஞ்சியது என்ற கேள்விதான் மிஞ்சியது.

எங்கள் வகுப்பு ஆசிரியையான சிஸ்டர், கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் நாங்கள் மேசைகளை அவசரமாகத் துடைப்பதைக் கண்டு சிரிப்பார். "அவர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். நாள்தோறும் பார்க்கிறவர் ஒருவர் மேலே இருக்கிறாரே, பிள்ளைகளே!" என்பார். நகரத்துக்கும் இது பொருந்தும் என்பது என் தாழ்மையான கருத்து.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். பந்தயத் தடத்துக்குச் சான்றிதழ் தருவது போல், ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், ஒவ்வொரு தெருவையும் நடந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். எந்த மூடி ஆடுகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்பதை எழுதித் தெருமுனையில் ஒட்ட வேண்டும். தோழியரே, நாமும் இதில் பங்கேற்கலாம். சென்ற வாரம் பள்ளி விட்டு வீட்டுக்கு நடந்தபோது ஒவ்வொரு மூடியையும் காலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். நான்கு மூடிகள் ஆடின. அவை இருக்கும் இடங்களை எழுதி, மன்ற உறுப்பினருக்கு ஒரு மனுத் தயாரித்திருக்கிறேன். பாட்டி முதல் கையெழுத்து இட்டிருக்கிறார்.

அடுத்த மழைக்குள் அந்த நான்கு மூடிகளும் அசையாமல் நின்றால், அதுவே எங்கள் தெரு வென்ற கோப்பை!