கரைகிற கட்டியைக் கரைய விடுங்கள்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் அக்கரைப்பேட்டையில் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளை வரிசையாகக் கரையேற்றிவிடுவார்கள். ஒரு பக்கம் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள், ஒரு பக்கம் கிரைண்டர் கத்தும். நான் வெல்டிங் ராடோடு ஒவ்வொரு படகுக்கு அடியிலும் படுத்துக் கிடப்பேன். இருபத்தெட்டு வருடமாக இதே பிழைப்பு.

வருடா வருடம் ஒரே வழக்குதான். பெயின்ட்டுக்கு ஓனர் யோசிக்காமல் பணம் எடுப்பார். சாமி பேர், பிள்ளை பேர், அணியத்தில் கழுகுப் படம், எதிலும் குறை இருக்காது. சுக்கானில் புது ஜிங்க் கட்டி வைக்கலாமா என்று கேட்டால், "பழசுல பாதி கெடக்குதுல்ல, அடுத்த வருசம் பாத்துக்கலாம்ணே" என்பார்.

பாதி கரைந்துவிட்டாலே மாற்றிவிட வேண்டும். அந்தக் கட்டி இருப்பதே கரைவதற்காகத்தான். புரொபெல்லர் வெண்கலம், படகின் உடல் இரும்பு. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புள்ள தண்ணீரில் இரண்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு பேட்டரி. அதில் கரைவது இரும்பு. இரும்பைவிடச் சுலபமாகக் கரைகிற ஜிங்க்கை, அதாவது துத்தநாகத்தை, கூடவே பொருத்தினால் அது முந்திக்கொள்ளும், இரும்பு தப்பிக்கும். ஆனால் கட்டி இரும்போடு நன்றாகத் தொட்டிருக்க வேண்டும், அதன்மேல் பெயின்ட் படவே கூடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு படகில் கட்டிகளைப் பொருத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் பெயின்ட் பையன் படகோடு சேர்த்துக் கட்டிக்கும் அடித்துவிட்டான். நானும் குனிந்து பார்க்கவில்லை. அடுத்த தடைக்காலத்தில் கரையேற்றினால், கட்டிகள் வைத்த மேனிக்கு அப்படியே இருந்தன. ஓனருக்கு ஒரே சந்தோஷம், ஒரு செலவு மிச்சம் என்று. சுக்கான் தகட்டிலோ சுண்டுவிரல் நுனி பதிகிற அளவுக்குக் குழிகள்.

பாலிடெக்னிக் படிக்கிற என் மகள் ஒரு கதை சொன்னாள். 1761இல் ஆங்கிலேயக் கடற்படை 'அலார்ம்' என்ற மரக்கப்பலின் அடியில் செப்புத் தகடு போர்த்தியது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரும்பு ஆணிகள் பல கரைந்துபோயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழிக்கப்படாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்ததாம். எனக்கு அந்தக் காகிதத்தை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு உலோகம் சேருகிற இடத்தில் ரப்பர் வாஷர் போடச் சொல்லும்போதெல்லாம் "காகிதம் வைடா" என்கிறேன். பையன்கள் முழிக்கிறார்கள்.

மரப்படகுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அள்ளி ஒட்டிவிட வேண்டாம். ஜிங்க் அதிகமானால் போல்ட்டைச் சுற்றிக் காரம் ஊறி மரம் நைந்துபோகும்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் படகுகளை ஆய்வு செய்ய வருகிறார்கள். பதிவு எண், நீளம், இன்ஜினின் குதிரைத்திறன் எல்லாம் பார்க்கிறார்கள். அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: அடியில் ஜிங்க் இருக்கிறதா, அது பெயின்ட் படாமல் இருக்கிறதா? படகு கரையில் நிற்கும்போதே வந்து பார்க்க வேண்டும், தண்ணீரில் இறக்கிய பிறகு என்ன தெரியும்? டீசலுக்கு வரிவிலக்கு தருகிற அரசு இந்தக் கட்டிக்கும் மானியம் தரலாம். பணமாக வேண்டாம், கட்டியாகவே கொடுக்கட்டும். பணம் பெயின்ட்டுக்குப் போய்விடும்.

இன்னொரு சோதனையா என்று ஓனர்கள் என்மேல் கோபப்படுவார்கள். படட்டும். தகடு ஓட்டையாவது நடுக்கடலில். அப்போது படகில் இருப்பவர்கள் டிரைவரும் கூலிக்குப் போன ஆட்களும்தான்.

இந்த வருடம் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் எல்லாக் கட்டிக்கும் சாக்குத்துணி சுற்றிக் கட்டிவிட்டேன். அடித்து முடித்ததும் நானே படுத்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன்.