வெள்ளையர் நகரா புதுவை?

புதுவைக்கு வரும் சுற்றுலாவினர்க்குக் காட்டப்பெறுவது எது? வாய்க்காலுக்குக் கிழக்கேயுள்ள மஞ்சட்சுவர்த் தெருக்களே! 1954-இல் பிரெஞ்சியர் கொடி இறங்கியது. 'வெள்ளையர் நகர்' எனும் அவர்தம் பெயரோ இன்றும் விலைபோகின்றது. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் 'கறுப்பர் நகர்'! அங்குள்ள திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாய் இடிபடுகின்றன, கேட்பாரில்லை.

உப்பளத்தின் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றைக் கடந்தால் அரிக்கமேடு. 1945-இல் வீலர் அகழ்ந்தபோது உரோமரின் தேறற்சாடிகளோடு தமிழெழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. பிரெஞ்சியர் காலூன்றிய 1674-க்கு ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டு முந்திய கடல்வாணிகம் அது! புதுவையின் கதை அம்மேட்டிலிருந்தன்றோ தொடங்குதல் வேண்டும்? அதனைத் தூய தமிழில் எடுத்துரைக்கும் வழிகாட்டிகளாக உப்பளத்து இளைஞரை அரசு பயிற்றுக. வருவாயும் அவர்க்கே சேர்க!