மரவள்ளியின் ஆயுளும் ஜீன்களும்

திருவனந்தபுரம் பகுதியில் ஏழை எளியவரின் பசி தீர்த்துவரும் உணவு மரவள்ளி. தெற்கே மரச்சீனி என்றும், சேலத்தில் குச்சிக்கிழங்கு என்றும் வழங்கப்பெறும் இப்பயிரைத் திருவிதாங்கூரில் பரப்பிய பெருமை, 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜாவைச் சாரும். வளமற்ற மண்ணிலும் விளையும் இக்கிழங்குக்குப் பெருங்குறை ஒன்று உண்டு. பறித்த இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலங்கலந்த கருங்கோடுகள் ஓடி அது கெட்டுவிடும். ஆகவே, பறித்த உழவர் வியாபாரி கூறும் விலைக்கே விற்க நேரிடுகிறது.

இக்கேட்டிற்குக் கிருமிகளே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். கிருமிகள் பின்னர் வருபவை. பறிக்கையில் காயம்பட்ட திசுக்களில் ஸயனைடு வெளிப்பட்டுச் செல்களின் சுவாசத்தைத் தடுக்கிறது. அதனால் ஸூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலிய தீவிரமான பிராணவாயுப் பொருள்கள் பெருகுகின்றன. கிழங்கிலுள்ள ஸ்கோபொலெட்டின் இவற்றால் ஆக்ஸிகரணமடைவதே கருங்கோடுகளாகத் தோன்றுகிறது.

இத்தாக்குதலைத் தாங்கும் என்ஸைம்கள் தாவரங்களில் இயல்பாகவே உள்ளன. ஸூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்பதன் பணியை 1969-இல் மக்கார்டும் ஃபிரிடோவிச்சும் விளக்கினர். அது ஸூப்பராக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. அதனைக் கேட்டலேஸ் நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிக்கிறது. இவ்விரண்டின் ஜீன்களும் மிகுதியாகச் செயற்படுமாறு மாற்றப்பட்ட மரவள்ளியில் கேடு ஏறத்தாழப் பத்து நாட்கள் தாமதித்ததாகச் சீன விஞ்ஞானிகள் 2013-இல் அறிவித்தனர். ஸயனைடு தடுத்தபோதும் சுவாசம் நடைபெற உதவும் வேறொரு ஜீனைச் சேர்த்து, இரண்டு மூன்று வாரங்கள் கேட்டைத் தள்ளிப்போட முடிந்ததாக அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2012-இல் தெரிவித்தனர்.

இவை மகிழ்ச்சி தரும் செய்திகளே. ஆயினும், ஜீன் மாற்றிய பயிர் வயலுக்கு வருமுன் பல சோதனைகளையும் அனுமதிகளையும் கடத்தல் வேண்டும். அதுவரை உழவர் காத்திருப்பது முறையன்று. கெடாதிருக்கும் தன்மை பாரம்பரியமாக வருவது என்பதே இவ்வாராய்ச்சிகளால் நாம் கொள்ள வேண்டிய பாடம். கரோட்டின் மிகுந்த மஞ்சள் கிழங்குகள் தாமதமாகக் கெடுவதும் அறியப்பட்டுள்ளது. ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அளித்த ஸ்ரீ விசாகம் அத்தகைய மஞ்சள் ரகமே. எனவே, ரகங்களைத் தேர்வதில் விளைச்சலுக்கும் மாவுச்சத்துக்கும் தரும் மதிப்பெண்ணைப் போன்று, எத்தனை நாள் கெடாதிருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் அளிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். மாவுப்பொருள் மிகுந்த கிழங்கு விரைவாகக் கெடும் போக்குடையது. ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பும் சேலத்து உழவருக்கு மாவே முதன்மை. சந்தையில் உணவுக்கு விற்பவருக்கோ இரண்டு நாள் அவகாசமும் பெரும் பொருள். ஆகவே, இருவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

கள ஊழியர்கள் தத்தம் ஊரின் ரகங்களைப் பறித்துவைத்து, மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாட்களில் அறுத்துப் பார்த்துக் குறித்துவைப்பாராக. பறிப்பதற்கு இரண்டு வாரம் முன் தண்டை வெட்டிவிடுவதும், காயம்படாமல் பறிப்பதும் கேட்டைக் குறைக்கும் என்பதை உழவருக்கு எடுத்துரைப்பாராக. ஆசிரியர்கள் புதிய கிழங்குத் துண்டின்மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சில துளிகள் இட்டுக் காட்டலாம். பொங்கும் நுரை கேட்டலேஸ் விடுவிக்கும் பிராணவாயுவே. ஜீனின் வேலையைக் கண்ணால் கண்ட மாணவன், நாளை தன் தோட்டத்து ரகத்தையும் கூர்ந்து நோக்குவான் அன்றோ?