வேலிக்கால் வேறு... துணிக்கொடிக்கால் வேறு!

வேலி பற்றியும், துணி காயப்போடும் கொடி பற்றியும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து மூன்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் ஒன்றோடு ஒன்று தொடர்பு இருப்பதால், இந்த இதழில் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

“10 சென்ட் வீட்டுத்தோட்டத்துக்குக் கல்கால் ஊன்றி முள்கம்பி கட்டப் போகிறோம். எத்தனை கால் வேண்டும்? அதே கல்காலில் துணிக்கொடியும் கட்டினால் செலவு மிச்சம் என்கிறார் வீட்டுக்காரர். கட்டலாமா?”
- வாசகி, கச்சிராயபாளையம்.

முதலில் கணக்கு. 10 சென்ட் என்பது 4,356 சதுர அடி. நிலம் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 66 அடி, சுற்றளவு 264 அடி. ஒரு பக்கத்தை ஏழு இடைவெளியாகப் பிரித்தால், காலுக்குக் கால் ஏறக்குறைய ஒன்பதரை அடி வரும். அப்படியானால் மொத்தம் 28 கால்கள். மூலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு முட்டுக்கால் வீதம் 8 சேர்த்தால் 36. ஐந்து வரிசை முள்கம்பிக்கு 1,320 அடி, அதாவது சுமார் 400 மீட்டர். முடிச்சுக்கும் கழிவுக்கும் இன்னும் 30 மீட்டர் சேர்த்து வாங்குங்கள். கேட் வைக்கும் இடத்துக்கு இருபுறமும் கால் வருமாறு முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். குழி தோண்டும் முன் சர்வே கல்லைப் பார்த்து எல்லையை உறுதி செய்துவிட்டால், பிறகு பக்கத்து நிலத்துக்காரரோடு மனஸ்தாபம் வராது.

7 அடி கல்காலில் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். மூலைக்காலுக்கு இரண்டரை அடி நல்லது. காரணம், நடுவில் நிற்கும் காலைக் கம்பி இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். மூலைக்காலை மட்டும் தோட்டத்தின் உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். முட்டுக்கால் இல்லாத மூலை முதல் மழையிலேயே சாயும். மூலை சாய்ந்தால் மொத்த வேலியும் தொய்ந்துவிடும்.

செம்மண்ணாக இருந்தால் குழியைக் குறுகலாகத் தோண்டி, சரளையும் மண்ணுமாக அரை அடிக்கு ஒருமுறை கடப்பாரையின் அடிப்பக்கத்தால் குத்தி இறுக்கினாலே போதும். கரிசலாக இருந்தால் கோடையில் வெடித்து, மழையில் உப்பும். அங்கே எல்லாக் கால்களையும் இன்னும் அரை அடி ஆழமாக இறக்கி, சுற்றிலும் சரளை போடுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கல்காலில் துணிக்கொடி கட்ட வேண்டாம். கல் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. 20 அடி நீளக் கொடியில் 20 கிலோ ஈரத்துணி பரவலாகத் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் ஓர் அடி தொய்வு இருந்தால், கயிறு ஒவ்வொரு காலையும் சுமார் 50 கிலோ விசையோடு இழுக்கும். அரை அடி தொய்வுதான் என்றால் 100 கிலோ. விறைப்பாகக் கட்டி மூன்று அங்குலமே தொய்ந்தால் 200 கிலோ! கொடியை இழுத்துக் கட்டக் கட்ட, காலுக்குத்தான் ஆபத்து.

கொடிக்குத் தனியாக இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் இரண்டு வாங்குங்கள். 8 அடி பைப்பில் 2 அடி உள்ளே, 6 அடி வெளியே. குழி ஓர் அடி சதுரம், 2 அடி ஆழம். ஒரு சட்டி சிமென்ட், மூன்று சட்டி மணல், ஆறு சட்டி முக்கால் இஞ்ச் ஜல்லி என்ற கலவையில் இரண்டு குழிக்கும் சேர்த்து அரை மூட்டை சிமென்ட் போதும். தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, கான்கிரீட்டின் மேல்பகுதியைத் தண்ணீர் வழிந்து ஓடும்படி சரிவாகப் பூசுங்கள். பைப்பின் மேல்வாயை மூடிவிடுங்கள். உள்ளே மழைநீர் தேங்கினால் துரு பிடிக்கும். ஏழு நாள் தண்ணீர் விட்டு, அதன் பிறகு கயிறு கட்டுங்கள்.

“மாடிக்கும் தென்னைக்கும் இடையே பழைய கட்டுக்கம்பியைத்தான் துணிக்கொடியாக வைத்திருக்கிறோம். மழை நாளில் அதைத் தொட்டால் லேசாக ‘சுர்’ரென்கிறது. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் பக்கத்தில்தான் போகிறது. ஏதாவது செய்ய வேண்டுமா?”
- வாசகர், சின்னசேலம்.

இன்றைக்கே செய்ய வேண்டும். ‘சுர்’ என்பது எச்சரிக்கை. இரும்புக் கம்பியைத் தொடாமல், வீட்டின் மெயின் சுவிட்சை முதலில் அணையுங்கள். ஆனால் சர்வீஸ் ஒயர் மெயினுக்கு முன்னால் இருப்பதால், மெயினை அணைத்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். அதனால் நீங்களே ஏறிக் கழற்ற வேண்டாம். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-க்குத் தகவல் சொல்லி, ஆள் வந்து சரிபார்க்கும் வரை அந்தப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

நடப்பது இதுதான். காற்றில் ஆடி ஆடி ஒயரின் மேலுறை தேயும். தேய்ந்த இடம் தகரக் கூரையிலோ, இரும்புப் பைப்பிலோ, கொடிக்கம்பியிலோ படும். காய்ந்த நாளில் ஒன்றும் தெரியாது. மழை நாளில், வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று ஈரப் புடவையைக் கம்பியில் போடும்போது மின்சாரம் உடல் வழியாக மண்ணுக்குப் போகும். துணி காயப்போடப் போன அம்மாவும், காப்பாற்ற ஓடிய பிள்ளையும் சேர்ந்தே இறந்த செய்திகளை மழைக்காலந்தோறும் படிக்கிறோம்.

எனவே, கொடிக்கு இரும்புக் கம்பியே வேண்டாம். நைலான் கயிறு போதும். சர்வீஸ் ஒயர் போகும் பைப்பிலோ, மின்கம்பத்திலோ, அதன் ஸ்டே கம்பியிலோ கொடி கட்டக் கூடாது. ஒயருக்குக் கீழேயும் கொடி வரக் கூடாது. வீட்டுக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பொருத்தினால், உள் ஒயரிங்கில் கசிவு ஏற்படும்போது நொடிக்குள் மின்சாரம் துண்டிக்கப்படும். யாராவது ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள்.

“மலையில் சரிவான நிலம். ஓர் அடி தோண்டினால் பாறை. மரவள்ளியைக் காட்டுப்பன்றி கிளறிப் போடுகிறது. கம்பி வேலியில் ராத்திரி மட்டும் கரண்ட் கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?”
- வாசகர், வெள்ளிமலை.

கூடவே கூடாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், இடைவிடாமல் பாய்வது. பிடித்தால் விடாது. இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் பன்றிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, தோட்டத்தில் போட்ட இப்படியான வேலியில் மூன்று யானைகள் இறந்தன. திருட்டு மின்சாரம் எடுத்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. உயிர் போனால் வழக்கு வேறு.

சூரிய மின்வேலி வேறு வகை. அதில் எனர்ஜைசர் என்ற கருவி, நொடிக்கு ஒருமுறை கண நேரத் துடிப்பாகத்தான் அதிர்ச்சி கொடுக்கும். விலங்கு மிரண்டு விலகும். ஆனாலும் காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் அதற்கு வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். 2023-ல் தமிழக அரசு மின்வேலிக்குத் தனி விதிகளே கொண்டுவந்துவிட்டது. தரச்சான்று உள்ள கருவியா என்று பார்த்து வாங்குங்கள். மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

பாறை நிலத்தில் குழி வராத இடத்தில், காலைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு, இரண்டடி உயரத்துக்குக் கல் அடுக்கி இறுக்குங்கள். சரிவில் கால் நேர்குத்தாக நிற்க வேண்டும். சரிவுக்கு ஏற்பச் சாய்த்து ஊன்றினால் மழையில் புரளும். பன்றி தாண்டுவதைவிட அடியில் நுழைவதுதான் அதிகம். கடைசிக் கம்பியைத் தரையிலிருந்து அரை அடிக்குள் கட்டி, அடியில் வரிசையாகக் கல் போடுங்கள்.

செலவு குறைய, கல்கால்களுக்கு நடுவே கிளுவை, ஒதியன் போத்துகளை மழைக்கு முன் நடுங்கள். துளிர்த்துப் பிடித்துவிட்டால் கரையான் பயமில்லாத உயிர்வேலி. ஆட்டுக்குத் தழையும் ஆயிற்று. பன்றி தின்ற பயிருக்குப் படம் எடுத்து, இழப்பீடு கேட்டு வனத்துறையிடம் மனு கொடுக்கவும் மறக்காதீர்கள்.