நந்தியாவட்டையில் ஒரு விருந்தாளி

பூஜைக்குப் பூப் பறிக்கப் போகிறீர்கள். தழைத்து நின்ற நந்தியாவட்டையில் இரண்டு கிளைகள் மொட்டையாய் நிற்கின்றன. இலையை விலக்கினால், விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு! உடம்பை வளைத்து, இரண்டு பெரிய நீலக் கண்களால் உங்களை முறைக்கிறது. வால் பக்கம் கொம்பு வேறு. "ஐயையோ, பாம்புக் குட்டி!" என்று குழந்தைகள் கூச்சலிட, விளக்குமாறு வருகிறது.

சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே! அவை கண்களே அல்ல. பறவைகளை மிரட்டப் போட்டுக்கொண்ட பொட்டுக்கள். கொம்பு கொட்டாது. கம்பளிப் பூச்சியைப் போல் ரோமம் இல்லை, அரிப்பும் வராது.

இதுதான் அரளி அந்துப்பூச்சியின் புழு. நந்தியாவட்டையும் அரளியும் ஒரே குடும்பம், இரண்டையும் தின்னும். இருதயத்தைத் தாக்கும் விஷமுள்ள அரளி இலை இதற்கு மட்டும் பால் சாதம்! 1758-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்து அறிஞர், அரளியின் லத்தீன் பெயரைச் சேர்த்தே இதற்குப் பெயர் வைத்தார். இந்த ஜாதிப் புழுக்கள் முன்னுடலைத் தூக்கி அசையாமல் உட்காருவது எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலையைப் போல் இருக்கிறதாம். அதனால் இவற்றின் பூச்சிகளுக்கு 'ஸ்பிங்க்ஸ்' என்றே ஒரு பெயர் உண்டு. எனக்கென்னவோ நம் கோயில் நந்திதான் நினைவுக்கு வருகிறது.

தாய்ப் பூச்சி இலையில் வெளிர் பச்சை முட்டைகளைத் தனித்தனியாக இட்டுச் செல்லும். பொரிந்து வரும் குஞ்சு மஞ்சள் நிறம். அதற்கு மயிர் போன்ற நீண்ட கறுப்புக் கொம்பு. வளர வளர உடம்பு பச்சையாகும்; பக்கவாட்டில் வெள்ளைக் கோடும் புள்ளிகளும் தோன்றும்; கொம்பு குட்டையாகி மஞ்சளாகும். சுமார் 3 அங்குலம் வளரும். செடியின் கீழே மிளகு மிளகாய் எச்சம் கிடந்தால் நேர் மேலே பாருங்கள். ஆசாமி அங்கேதான் இருப்பார்.

திடீரென்று ஒரு நாள் பச்சை மாறிப் பழுப்பாகும். நோய் என்று எண்ணிவிடாதீர்கள். தரைக்கு இறங்கி, சருகுகளுக்கிடையே மெல்லிய நூலால் கூடு கட்டப் போகிறது. அந்த வாரங்களில் செடியடிச் சருகைப் பெருக்கிக் கொளுத்த வேண்டாம்.

செடிக்கு என்ன கதி என்கிறீர்களா? நன்றாக வேரூன்றிய நந்தியாவட்டை மறுபடி துளிர்த்துக்கொள்ளும். சிறிய கன்றாக இருந்தால் புழுவைப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். மருந்து தெளிப்பானேன்?

குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட ஆசையா? மூங்கில் கூடையில் கொஞ்சம் மண்ணும் சருகும் பரப்பி, மல் துணியால் மூடுங்கள். தினமும் புதிய நந்தியாவட்டை இலை போடுங்கள். அரளி இலையைக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். ஒரு சுள்ளியைச் சாய்த்து வைப்பது அவசியம். கூட்டுக்குள் போய் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வெளியே வரும் பூச்சி அதில் ஏறித் தொங்கித்தான் கசங்கிய சிறகுகளை விரித்து உலர்த்தும்.

4 அங்குலச் சிறகு. பச்சையில் ரோஜாவும் வெள்ளையும் குழைத்த பட்டுப் புடவைதான்! அந்தி சாய்ந்ததும் துணியை எடுத்துவிடுங்கள். மல்லிகைப் பந்தல் இருந்தால், பூவில் உட்காராமலே ஹெலிகாப்டர் போல் அந்தரத்தில் நின்று தேன் குடிப்பதைப் பார்க்கலாம்.