திரையில் ஒரு துணை

பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தால் யாரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்ப ஏழு மணியாகும். காலணியைக் கழற்றிய கையோடு தொலைக்காட்சியைப் போட்டுவிடுகிறீர்கள். பார்க்கக்கூட வேண்டாம், வீட்டில் ஒரு குரல் கேட்டால் போதும். பல வீடுகளில் பகல் முழுவதும் தனியாக இருக்கும் தாத்தா பாட்டியும் இதையேதான் செய்கிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. (நானும் சமைக்கும்போது வானொலியைப் பாடவிடுபவள்தான்.)

ஜான் லோகி பேர்ட் லண்டனில் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டியது 1926இல். அதற்கு முந்தைய நெடுங்காலத்தில், தினமும் காணும் முகம் என்றால் அது அருகில் வாழும் ஒருவருடைய முகம்தான். அப்படிப் பழகிய மூளை, இரவு எட்டு மணித் தொடர்நாடகத்தின் நாயகியையும் ஓரளவு தெரிந்தவராகவே எடுத்துக்கொள்கிறது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் 1956இலேயே இந்த ஒருதலை உறவைப் பற்றி எழுதினார்கள். நமக்கு அவரைத் தெரியும். அவருக்கு நம்மைத் தெரியாது.

ஆனாலும் இந்த உறவு ஆறுதல் தருகிறது. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நெருங்கியவருடன் போட்ட சண்டையை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு, பிடித்த தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னதும், அவர்கள் மற்றவர்களைவிட நீளமாக எழுதினார்கள். அந்த நிகழ்ச்சியை நினைப்பதே மனம் சோர்ந்துபோவதைக் குறைத்தது.

அப்படியானால் கவலை எதற்கு? எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். 40 பேர் ஒரு நாள் 10 மணி நேரம் பட்டினி இருந்தார்கள். இன்னொரு நாள் 10 மணி நேரம் ஆள் துணையின்றி, கைப்பேசியும் இன்றி இருந்தார்கள். பின்னர் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் படங்கள் காட்டினார்கள். பசித்திருந்தபோது உணவுப் படங்களைக் கண்டு விழித்துக்கொண்ட நடுமூளைப் பகுதி, தனித்திருந்தபோது மனிதர்கள் கூடிக் களிக்கும் படங்களைக் கண்டும் விழித்துக்கொண்டது. தனிமையும் ஒருவகைப் பசிதான்.

பசிக்குப் பிஸ்கட் தின்றால் வயிறு சற்று அடங்கும். அதில் தவறில்லை. அதோடு இரவுச் சாப்பாட்டையே மறந்துவிட்டால்தான் சிக்கல். தொடர்நாடக நாயகி உங்களிடம் கோபித்துக்கொள்ள மாட்டார், "சாப்பிட்டியா?" என்று கேட்கவும் மாட்டார். நண்பனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிச் சமாதானம் பேசுவதைவிட அடுத்த அங்கத்தைப் போடுவது எளிது. மனம் தேறிவிடும். சண்டை மட்டும் அப்படியே கிடக்கும்.

பாட்டி பார்க்கும் தொடரை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "இந்த மாமியார் ஏன் இப்படிப் பண்றாங்க?" என்று கேளுங்கள். விளம்பர இடைவேளைக்குள் மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடுவார். நடுவில் உங்கள் சொந்தக்காரர் ஒருவரின் கதையும் வந்து விழும்.