காது மெசின் குடுத்தா மட்டும் போதுமா?



என் வகுப்பில ஒரு பிள்ளைக்குக் காது மெசின் இருக்கு. போன தவணை முழுக்க அது அலுமாரிக்குள்ளதான். போட்டா "கூ" என்று சத்தம் வருதாம். திருத்த இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போகணும். உம்மாக்கு ரெண்டு நாள் கூலி போகும்.

இப்ப பல மெசின்களைப் போன் ஆப் வழியா தூரத்திலிருந்தே திருத்தலாம். கொரோனா காலத்தில உலகம் பூரா இது கூடிச்சு. கிளினிக்குக்கு கோல் எடுத்தேன். அங்குள்ளவருக்கு விருப்பமில்லை. "காதுக்குள்ள பார்க்காம எப்படி டீச்சர்?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நம்ம ஊர் ஆஸ்பத்திரியில காட்டினா, காது நிறையக் குறும்பி! சத்தத்துக்கு அதுவும் காரணம். அவர் தயங்கினது நியாயம். ஆனா அந்தக் குறும்பியைப் பார்க்க கொழும்பு தேவைப்படல்லையே. அதை எடுத்த பிறகு அவரே வீடியோ கோல்ல 20 நிமிஷத்தில மிச்சத்தைத் திருத்தித் தந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

முதல் சோதனை நேரில நடக்கட்டும். பிள்ளை வளர வளர மோல்ட் லூசாகும், அதுக்கும் போகத்தான் வேணும். சின்னத் திருத்தங்களுக்கு இங்க ஒரு டொக்டர் காதைப் பார்க்க, அங்க அவர் போன்ல செய்யலாம்.

ரமழான்ல ஸகாத் காசில மெசின் குடுக்கிறோம், போட்டோவும் போடுறோம். பிறகு அதைப் பிள்ளை போடுதா என்று யாரும் கேட்கிறதில்லை. இந்த முறை போன்ல திருத்தக்கூடிய மெசினா, வீட்டில அதுக்கேத்த போன் இருக்கா என்று பார்த்து வாங்குவோம். பள்ளிவாசல் நிர்வாகத்தில உள்ளவங்க எனக்கொரு மெசேஜ் போடுங்க.